'பொறுப்பு வகித்தேன்' என்ற வரி

ஆள் எடுக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ஒரு காலியிடத்துக்கு இருநூறு, முந்நூறு ரெஸ்யூமே வந்து குவியும். எல்லாவற்றையும் வரி விடாமல் படிப்பேன் என்று சொன்னால் அது பொய். 2018-இல் லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு இணையதளம், ஆள் எடுப்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்தது. முதல் பார்வைக்கு அவர்கள் செலவிட்டது சராசரியாக 7.4 நொடி. நான் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கண் முதலில் தேடுவது கடைசியாகப் பார்த்த வேலை, பதவி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதைத்தான். பல ரெஸ்யூமேக்களில் அந்த இடத்தில் "சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்" என்ற குறிக்கோள் உட்கார்ந்திருக்கும். அதை எடுத்துவிடுங்கள், யாரும் தேட மாட்டோம்.

என்னை அதிகம் அலுக்க வைப்பது "பொறுப்பு வகித்தேன்" என்ற சொல். ஒருவர் "கிடங்கு இருப்புக்குப் பொறுப்பு வகித்தேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். ஒதுக்கி வைக்கத்தான் இருந்தேன். வேறு ஆள் சரியாக அமையாததால் கூப்பிட்டேன். பேச்சுக் கொடுத்தபோது மெதுவாக வெளியே வந்தது. அவர் சேர்ந்த சமயத்தில் இருப்பை எண்ணுவதற்காக மாதாமாதம் மூன்று நாள் கிடங்கை மூடுவார்களாம். இவர் அடுக்குகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தினமும் ஒரு பகுதியை எண்ண வைத்திருக்கிறார். அப்புறம் கிடங்கை மூடவே வேண்டியிருக்கவில்லை. இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது என் வேலைதானே, அதைப் போய் என்ன எழுதுவது?" என்றார்.

அந்த வரியை இப்படி எழுதியிருக்கலாம்: "மாதம் மூன்று நாள் கிடங்கை மூடி எடுத்த இருப்புக் கணக்கை, தினமும் ஒரு பகுதியாக எண்ணும் முறைக்கு மாற்றினேன், கிடங்கை மூடுவது நின்றது." முன்பு என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. எண் இருந்தால் போடுங்கள், இல்லாததைப் போட வேண்டாம். "விற்பனையை 40 சதவீதம் உயர்த்தினேன்" என்று எழுதினால், எந்த மாதத்தோடு ஒப்பிட்டு, அந்தக் குழுவில் எத்தனை பேர் என்று கட்டாயம் கேட்பேன். அங்கே தடுமாறினால் மற்ற வரிகளின் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

ஒரே ரெஸ்யூமேவை எல்லா இடத்துக்கும் அனுப்புகிறவர்களும் உண்டு, அது சரிப்படாது. 1482 வாக்கில் லியோனார்டோ டா வின்சி மிலானின் ஆட்சியாளருக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். எளிதில் தூக்கிச் செல்லும் பாலம், பீரங்கி, சுரங்க வழி என்று போருக்கு உதவுவதையே வரிசையாக அடுக்கியிருப்பார். ஓவியம் கடைசியில்தான் வரும். கேட்பவருக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விளம்பரத்தை இரண்டு முறை படித்துவிட்டு, அதோடு பொருந்தும் வரிகளை மேலே ஏற்ற அரைமணி நேரம் போதும். அவர்கள் பயன்படுத்திய சொல்லையே நீங்களும் பயன்படுத்துங்கள், ஏனென்றால் குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களுக்குள் நாங்கள் அந்தச் சொல்லைப் போட்டுத்தான் தேடுவோம்.

ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். புதியவருக்கு ஒன்று, அனுபவசாலிக்கு இரண்டு. சரி, அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

வடிவமைப்பில்தான் ஆபத்து. பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமேவை முதலில் ஒரு மென்பொருள் படித்து, பெயர், வேலை, தேதி என்று பிரித்துப் போடும். பக்கத்தை இடம், வலம் என்று இரண்டாகப் பிரித்து அமைத்தவை, கட்டங்களுக்குள் எழுதியவை அதில் குழம்பிப்போகலாம். ஸ்கேன் செய்த படமாக அனுப்பினால் எதுவுமே தெரியாமல் போகக்கூடும். பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை கலைந்தால் எங்கள் திரையிலும் கலைய வாய்ப்பு அதிகம்.

ஒருமுறை ஒருவரை அழைக்க முடிவு செய்துவிட்டுப் பார்த்தால் தொலைபேசி எண் இல்லை. பக்கத்தின் தலைப்பகுதியில் (ஹெடரில்) அவர் எழுதியிருந்ததை மென்பொருள் விட்டுவிட்டது. அசல் ஃபைலைத் திறந்து தேடி எடுத்தேன். அன்று எனக்கு நேரம் இருந்தது.