நுவரெலியாப் பசளை வெள்ளவத்தைக் கடலில்

நுவரெலியாவிலிருந்து ஒரு தொன் கரட் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடையில் உள்ள மெனிங் மொத்தச் சந்தையில் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய 880 கிலோ வெறும் தண்ணீர். மிச்சத்தில்தான் இனிப்பும் நாரும். கூடவே 3 கிலோவுக்குச் சற்று மேலாகப் பொற்றாசியம், ஒன்றரைக் கிலோ நைதரசன், 350 கிராம் அளவில் பொசுபரசு. இனிப்பும் நாரும் காற்றிலும் மழையிலும் உருவானவை, அடுத்த போகத்துக்கும் சும்மா கிடைக்கும். மற்ற மூன்றும் பசளைச் சத்துகள், வேர் மண்ணிலிருந்து உறிஞ்சியவை. லொறி மலையிறங்கும்போது அவையும் சேர்ந்து இறங்கிவிடுகின்றன.

சாப்பிட்ட பிறகு அவை நம் உடம்பில் தங்குமா? வளரும் பிள்ளைகளிடம் கொஞ்சம் தங்கும். வளர்ந்தவர்களுக்கு உள்ளே போகிற அளவே வெளியே வரும். நைதரசனிலும் பொற்றாசியத்திலும் பெரும்பங்கு சிறுநீரோடு போய்விடும். சாப்பாட்டு மேசையில் பேசுகிற விஷயமல்லதான், ஆனால் பசளையின் கணக்கு அந்த வழியாகத்தான் ஓடுகிறது. கொழும்பு நகருக்குள் வெள்ளைக்காரர் காலத்தில் போடத் தொடங்கிய கழிவுநீர்க் குழாய்கள் அதைச் சேர்த்துக்கொண்டுபோய், வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் விடுகின்றன.

சமையலறையில் மிஞ்சுகிற தோலுக்கும் தண்டுக்கும் வேறு பாதை. பல வருடங்களாக அது கொழும்பின் மீதொட்டமுல்லக் குப்பை மேட்டில் பொலித்தீனோடு கலந்து கிடந்தது. ஈரக் கழிவு காற்றுப் படாமல் அழுகினால் மீதேன் வரும், கறுப்புத் தண்ணீர் கசியும், மேடு உள்ளுக்குள்ளேயே இளகும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டன்று, அந்த மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்புறம் 2021இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். மேடு வளர்வதை விட இது எவ்வளவோ மேல். ஆனால் எரிக்கும்போது நைதரசன் காற்றோடு போய்விடும். பொசுபரசும் பொற்றாசியமும் சாம்பலில், பற்றரியிலும் பெயின்ற்றிலும் இருந்து வந்த உலோகங்களோடு மாட்டிக்கொள்ளும். அந்தச் சாம்பலைத் தோட்டத்தில் போட முடியாது.

அப்படியானால் மலைநாட்டு மண் பட்டினி கிடக்கிறதா என்றால், இல்லை. கப்பலில் வருகிற பசளை அந்த இடத்தை நிரப்புகிறது. நுவரெலியா மரக்கறித் தோட்டங்களில் பொசுபரசு தேவைக்கு மேலேயே சேர்ந்து கிடக்கிறது. பெருமழைக்குச் சரிவு மண்ணோடு அதுவும் ஓடைக்குப் போகிறது. எப்பாவலையில் நமக்கே பொசுபரசு தருகிற பொசுபேற்றுப் பாறை உண்டு. தண்ணீரில் சுலபமாகக் கரையாததால் அது தேயிலை, தென்னை போன்ற நீண்டகாலப் பயிர்களுக்குச் சரி, மூன்று மாதக் கரட்டுக்கு உதவாது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது இந்தக் கணக்கு எல்லோருக்கும் உறைத்தது. 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. இலைதழைக் கழிவை மக்கவைத்துச் செய்கிற கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று அளவில்தான். அதே 23 கிலோவுக்கு இரண்டு தொன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும், அதுவும் மெதுவாகத்தான் விடுபடும். ஒரு போகத்துக்குள் அவ்வளவு கூட்டெருவை யார் செய்வது, யார் மலையேற்றுவது? விளைச்சல் விழுந்தது, நவம்பரில் தடை நீங்கியது.

அதனால் கொழும்புக் குப்பையைத் திரும்ப நுவரெலியாவுக்கே அனுப்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கனமான பொருள், டீசல் செலவிலேயே இலாபம் கரைந்துவிடும். பக்கத்திலேயே கம்பஹாவில் தென்னந்தோட்டங்கள் இருக்கின்றன, தென்னை பொற்றாசியத்தை அள்ளிக் குடிக்கிற மரம். தொடங்க வேண்டிய இடமும் வீடுகள் அல்ல, சந்தைதான். கோவாவின் வெளியிலை, லீக்ஸ் தாள், நசுங்கிய தக்காளி எல்லாம் அங்கே ஒரே இடத்தில், வேறு கழிவு அதிகம் சேராமல் குவிகின்றன. வீட்டுக் குப்பையோடு லொறியில் ஏறுவதற்கு முன்பே அவற்றைக் கூட்டெருக் குவியலுக்குத் திருப்பிவிட வேண்டும். கலந்த பிறகு பிரிக்கப் போனால் காசும் போகும், கண்ணாடித் துண்டும் தோட்டத்துக்குப் போகும்.