பிட்சர்: வீச்சாளரா, எறிவாளரா?

பேஸ்பாலில் பந்து போடுபவர் பிட்சர். கிரிக்கெட் பழக்கத்தில் நாம் அவரையும் ‘பந்து வீச்சாளர்’ என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

பிட்ச் என்ற ஆங்கில வினைக்குப் பழைய பொருள் குத்தி நிறுத்துவது, ஊன்றுவது. கூடாரம் அடிப்பதற்கும் ஸ்டம்பு ஊன்றுவதற்கும் அதே வினைதான். குறிபார்த்து விடுவது என்ற பொருள் பிறகு சேர்ந்தது. தண்ணீர்க் கூஜாவைக் குறிக்கும் பிட்சர் பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல்.

1845-ல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் எழுதிய விதி, பந்தை பிட்ச் செய்ய வேண்டும், எறியக் கூடாது என்றது. அதாவது கையைத் தாழ்த்தி, மட்டைக்காரர் அடிக்கத் தோதாகப் போட்டுக்கொடுக்க வேண்டும். பந்து உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று கேட்டு வாங்கும் உரிமைகூட மட்டைக்காரருக்கு 1886 வரை இருந்தது. அந்தக் காலத்து பிட்சரை ‘பந்து இடுபவர்’ என்றால் போதும்.

சொல்லின் பொருள் புரண்டது 1884-ல். கையை எவ்வளவு உயர்த்தியும் எறியலாம் என்று அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் அமைப்பான நேஷனல் லீக் அந்த ஆண்டு அனுமதித்தது. அதே ஆண்டில்தான் பிராவிடன்ஸ் கிரேஸ் அணியின் சார்லஸ் ராட்பர்ன் செய்த காரியம் இன்றும் மலைக்க வைக்கிறது. ‘ஓல்ட் ஹாஸ்’, கிழட்டுக் குதிரை என்பது அவருடைய செல்லப்பெயர். ஜூலையில் அணியின் இன்னொரு பிட்சர் சார்லி ஸ்வீனி விலகிப் போக, மீதிப் பருவத்தின் பாரம் பெரும்பாலும் இவர் தோளில் விழுந்தது. 73 ஆட்டங்களைத் தொடங்கினார், 73-ஐயும் அவரே முடித்தார். 678 இன்னிங்ஸ் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக 9)! இன்று ஒருவர் ஒரு பருவத்தில் 200-ஐத் தொட்டாலே பெரிய விஷயம். வெற்றிகள் 59 என்றும் 60 என்றும் இரு கணக்கு உண்டு. அப்புறம், பருவம் முடிந்ததும், இன்னொரு லீக்கில் முதலிடம் பிடித்த நியூயார்க் மெட்ரோபாலிடன்ஸுக்கு எதிரான 3 ஆட்டங்களிலும் அவரே பந்து போட்டு வென்றார். தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாத வலியோடு ஆடினார் என்று சொல்வார்கள். இந்த உழைப்பாளியை வெறுமனே ‘இடுபவர்’ என்று சொல்ல மனம் வருமா?

சரி, ‘வீச்சாளர்’ ஏன் கூடாது? கிரிக்கெட்டில் பந்து வீசும்போது மடக்கிய முழங்கையை நீட்டி எறிந்தால் நோபால். வீச்சு வேறு, எறி வேறு என்பது நம் ஊர்ப் பையன்களுக்கே தெரியும். பேஸ்பாலில் அந்தத் தடை இல்லை, அங்கே நடப்பது எறிதல்தான். தமிழில் எறி என்பதற்குத் தாக்கு, வெட்டு என்ற பொருளும் உண்டு. புறநானூற்றில் காளை, அதாவது இளம் வீரன், யானையை வெட்டி வீழ்த்தி, ‘களிறு எறிந்து’ மீள்கிறான். அந்த வேகம் இந்த ஆட்டக்காரருக்குப் பொருந்துகிறது. ஆகவே எறிவாளர். அவர் நிற்கும் மண்மேட்டை எறிமேடு எனலாம்.

பேஸ்பாலின் உறவான, பெண்கள் அதிகம் ஆடும் சாப்ட்பாலில் இன்றும் கை கீழிருந்துதான் வருகிறது. அங்கே இந்தச் சொல் உறுத்துமா? அந்தப் பெண்கள் விடும் பந்தின் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு உறுத்தாது.