சமையலறை கூடத்துக்கு வந்துவிட்டது

கோத்தகிரிப் பக்கம் 18 ஆண்டுகளாக வீடு கட்டித் தருகிறேன். வரைபடம் போட உட்கார்ந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "அடுப்பு முன்னால் யார் நிற்பீர்கள்?" முன்பெல்லாம் வீட்டுக்காரர்தான் பதில் சொல்வார், சமைக்கிற அம்மா கதவோரம் நின்றுகொண்டிருப்பார். சென்ற மாதம் ஒரு இளம் தம்பதி, இருவருமே மாறி மாறிச் சமைப்பதாகச் சொன்னார்கள். இருவரையும் நிற்கவைத்து முழங்கை உயரத்தை அளந்தேன். முழங்கைக்கு 4 அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. அந்தக் கணக்கில் மனைவிக்கு 33 அங்குலம், கணவருக்கு 38. மேடையை 35 என்று முடிவு செய்து, பாத்திரத்தின் உயரமும் சேரும் என்பதால் அடுப்பு வைக்கும் இடத்தை மட்டும் 3 அங்குலம் இறக்கினோம்.

இந்த நீலகிரி மலையில் வாழும் படுகர் இன மக்களின் பழைய வீடுகளில் பாலுக்கென்றே 'ஹாகோட்டு' என்ற அறை இருந்தது; பெண்கள் அதற்குள் போகக்கூடாது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளிலோ சமையல்கட்டு பின்பக்கத்து இருட்டில் கிடந்தது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று சொந்த வீடு கட்டும்போது, சமையலறையைக் கூடத்தோடு சேர்த்துத் திறந்துவிடச் சொல்கிறார்கள். சமைப்பவர் தனியாக வேகவேண்டியதில்லை. எனக்கு இது மிகவும் பிடித்த மாற்றம்.

கவலை குளிரில்தான் இருக்கிறது. அன்று புகை ஓட்டு இடுக்கு வழியே வெளியேறியது. இன்றைய கான்கிரீட் தளத்தில் இடுக்கு ஏது? மார்கழிக் குளிருக்கு ஜன்னலை அடைத்துவிட்டு, கரி அடுப்பையும் கூடத்துக்குள் கொண்டுவருகிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். தயவுசெய்து கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு பரவும். சுவரில்லாத சமையலறையிலிருந்து படுக்கையறை வரை வந்துவிடும். அதனால் தரையோரம் ஒரு காற்றுத் துவாரம் கட்டாயம் வேண்டும். உறைபனி நாட்களில் எரிவாயு சரியாக வராது. அதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைக்கவே கூடாது.

கட்டிக் கொடுத்து 3 மாதம் கழித்து ஒரு வீட்டுக்குப் போனேன். தரையோரத் துவாரத்தில் கோணிப்பையைத் திணித்திருந்தார்கள். எலி வருகிறதாம், சாரல் அடிக்கிறதாம். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். சாக்கை எடுத்துவிட்டு, கம்பி வலை அடித்து, வெளிப்பக்கம் சாய்வாக ஒரு தகரம் மாட்டிக் கொடுத்தேன். இப்போது எல்லா வரைபடத்திலும் அந்த வலையையும் தகரத்தையும் முதலிலேயே சேர்த்துவிடுகிறேன்.