பூட்டில்லாத போல்ட்: .22 அரைத் தானியங்கி ரைஃபிளைத் தேர்ந்தெடுப்பதும் திருத்துவதும்

ருகர் 10/22 ரைஃபிளின் உள்ளே போல்ட்டை, அதாவது குழலின் பின்வாயை மூடும் எஃகுக் கட்டியை, குழலோடு பூட்டிப் பிடிக்கும் பல்லோ கொக்கியோ கிடையாது. பெரிய தோட்டா சுடும் ரைஃபிள்களில் வெடிக்கும் கணத்தில் போல்ட் குழலோடு இறுகப் பூட்டிக்கொண்டிருக்கும். இதில் வெடிப்பை எதிர்த்து நிற்பவை ஒரு சுருள்வில்லும் அந்த எஃகுக் கட்டியின் எடையும் மட்டுமே. 1964-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இந்த ரைஃபிள் இன்றுவரை பல லட்சக்கணக்கில் விற்றிருக்கிறது. பொழுதுபோக்காகக் குறிபார்த்துச் சுடுபவர்கள் அதிகமாகக் கழற்றி மாட்டும் ரைஃபிள்களில் இதுவும் ஒன்று. எந்தப் பாகத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதை அறிய, பூட்டு இல்லாமலே இது எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

.22 லாங் ரைஃபிள் தோட்டாவின் குண்டு சுமார் 2.6 கிராம். அதிவேகத் தோட்டாவில் அது நொடிக்கு 380 மீட்டர் வேகத்தில் குழலைவிட்டுப் பாய்கிறது. போல்ட்டின் எடை 200 கிராம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். குண்டை முன்னே தள்ளும் அதே அழுத்தம் உறையின் அடிப்பகுதி வழியாகப் போல்ட்டைப் பின்னே தள்ளுகிறது. போல்ட் எழுபது மடங்குக்கு மேல் கனமானது என்பதால் அத்தனை மடங்கு மெதுவாக நகரும். குண்டு குழலுக்குள் 25 மி.மீ. ஓடும்போது போல்ட் 0.3 மி.மீ. அளவுக்கே பின்வாங்கியிருக்கும். அழுத்தம் உச்சம் தொடுவது இந்த முதல் சில சென்டிமீட்டருக்குள்தான். அந்த நேரத்தில் உறையின் மெல்லிய பித்தளைச் சுவர் விரிந்து அறையின் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) சுவரோடு ஒட்டி வாயுவை அடைத்துவிடும். உறை கண்ணில் தெரியும் அளவுக்குப் பின்னால் வருவதற்குள் அழுத்தம் பெருமளவு தணிந்துவிடுகிறது.

அதன்பின் நடப்பதெல்லாம் போல்ட் சேர்த்து வைத்த வேகத்தின் வேலை. வெற்று உறையை இழுத்து வெளியே எறிய வேண்டும், சுத்தியலை மறுபடி மடக்க வேண்டும், வில்லை அழுத்த வேண்டும், திரும்பும் வழியில் அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ள வேண்டும். அத்தனைக்கும் மூலதனம் 2.6 கிராம் குண்டின் உந்தம்தான். போல்ட்டுக்குக் கிடைக்கும் ஆற்றல் அந்த உந்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். நொடிக்கு 326 மீட்டர் வேகமுள்ள சாதாரண வேகத் தோட்டா, அதிவேகத் தோட்டா தருவதில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆற்றலைத் தரும். 216 மீட்டர் வேகத்தில் ஓசையில்லாமல் சுடுவதற்கென்று விற்கும் தோட்டாவில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அதைப் போட்டால் போல்ட் பாதி வழியில் நின்று உறையைக் கவ்விக்கொள்ளும். ரைஃபிள் பழுதென்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போக வேண்டியதில்லை. தோட்டாவுக்கு அவ்வளவுதான் சக்தி.

அரைத் தானியங்கி என்ற பெயரில் உள்ள ‘அரை’ முக்கியமானது. ஒரு முறை டிரிக்கரை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்ததற்கு விரலைத் தளர்த்தி மறுபடி இழுக்க வேண்டும். இந்த .22 தோட்டாவுக்கு ரிம்ஃபயர் என்ற பெயர் அதன் அமைப்பிலிருந்து வந்தது. வெடிமூட்டும் கலவை உறையின் அடிவிளிம்பு மடிப்புக்குள் ஈரமாக இடப்பட்டு, சுழற்றிப் பரப்பப்படுகிறது. சுத்தியல் அடிக்கும் ஊசியான ஃபயரிங் பின் அந்த விளிம்பை நசுக்கினால் தீப்பற்றும். கலவை விளிம்பு முழுவதும் பரவாமல் ஓரிடத்தில் விட்டுப்போனால், ஃபயரிங் பின் அங்கே விழும்போது ‘கிளிக்’ மட்டும்தான் கேட்கும். மலிவான தோட்டாக்களில் இது அவ்வப்போது நடக்கும். அப்போது குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி 30 நொடி காத்திருந்து பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். கலவை தாமதமாகப் பற்றவும் கூடும்.

வெளியே துருத்திய இந்த விளிம்பு, தோட்டாக்களை வைக்கும் மேகசினுக்கும் ஒரு தலைவலி. நேர்ப்பெட்டியில் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டி முன்னே நகராமல் போகலாம். 10/22-இன் சுழல் மேகசின் இதற்கு நல்ல விடை. உள்ளே சுழலும் உருளையில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனிக்குழி. பத்துத் தோட்டாக்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அந்தப் பத்தும் .22-உம் சேர்ந்ததுதான் பெயர். உள்வில்லின் முறுக்கு தளர்ந்தால் கடைசி ஒன்றிரண்டு தோட்டாக்கள் மேலே ஏறாது. 25 தோட்டா கொள்ளும் நீண்ட மேகசின்கள் வேடிக்கைக்குச் சரி. குறிபார்த்துப் பழகப் பத்தே போதும். படுத்துச் சுடும்போது நீண்டது தரையில் இடிக்கும்.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை எதற்காக என்பதில் இருக்கிறது. மார்லின் மாடல் 60 குழலுக்கடியில் ஒரு நீள்குழாயில் 14 தோட்டா கொள்ளும். எளிமையானது, பழைய சந்தையில் நிறையக் கிடைக்கும். ஆனால் தோட்டா நிரப்ப நேரம் பிடிக்கும், மாற்றுப் பாகங்களும் குறைவு. படைத்துறை ரைஃபிளை ஒத்த ஏ.ஆர்.-15 வடிவத்தில் பயிற்சி வேண்டுவோர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம்&பி 15-22-ஐ எடுக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போக விரும்புபவருக்கு 10/22-க்கு நிகராக எதையும் சொல்ல முடியவில்லை. இதன் குழல் திருகுமரையால் ரிசீவரில் (போல்ட் ஓடும் நடு உடல்) முறுக்கப்படவில்லை. கீழிருந்து இரண்டு திருகுகள் ஒரு ‘வி’ வடிவக் கட்டையை இழுத்துப் பிடிக்க, குழல் ரிசீவரின் துளைக்குள் செருகி நிற்கிறது. வேறு ரைஃபிள்களில் பட்டறைக்குப் போக வேண்டிய குழல் மாற்றம் இங்கே மேசைமேல் அரை மணி நேர வேலை. இந்த வசதியால்தான் கிட், வோல்குவார்ட்சன் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே பாகங்கள் செய்து விற்கின்றன. ருகர் செய்த ஒரு பாகம்கூட மிஞ்சாத ‘10/22’ ரைஃபிள்களும் உண்டு.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறுகிறது. பிரிட்டனில் 1988-இல் அரைத் தானியங்கி ரைஃபிள்கள் தடை செய்யப்பட்டபோது .22 ரிம்ஃபயருக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. நியூசிலாந்தின் 2019 தடையிலும் பத்துத் தோட்டா வரையிலான .22 தப்பியது. ஆஸ்திரேலியாவில் 1996-க்குப் பிறகு இவை கடுமையான கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கின்றன. பாகம் வாங்கும் முன்பும் உள்ளூர் விதியைப் படித்துவிட வேண்டும். மேகசின் அளவு, குழலின் குறைந்தபட்ச நீளம் போன்றவை பல இடங்களில் சட்ட வரம்புக்குள் வரும்.

முதலில் மாற்ற வேண்டியது தோட்டா

புதிதாக வாங்கியவர்கள் பெரும்பாலும் குழலுக்குப் பணம் செலவழித்துவிட்டு, கடையில் மொத்தமாகக் கிடைக்கும் மலிவுத் தோட்டாவையே போடுகிறார்கள். இது தலைகீழ். ஒரே பெட்டித் தோட்டாக்களுக்குள் வேகம் நொடிக்கு 10 மீட்டர் ஏறி இறங்குகிறது என்று வையுங்கள். 50 மீட்டர் தூரத்தைக் கடக்கச் சுமார் 0.16 நொடி ஆகும். அதற்குள் குண்டு 12 செ.மீ.க்கு மேல் தாழும். வேகத்தில் 3 சதவீத மாற்றம் அந்தத் தாழ்வில் 6 சதவீதமாக, ஏறத்தாழ 7 மி.மீ.யாக, மேலும் கீழும் சிதறும். 100 மீட்டரில் அதுவே 3 செ.மீ.யைத் தாண்டும். எவ்வளவு நல்ல குழலும் இதைத் திருத்தாது.

அதிவேகத் தோட்டாவுக்கு இன்னொரு குறையும் உண்டு. 380 மீட்டரில் புறப்படும் குண்டு, காற்றின் இழுவையால் ஐம்பது மீட்டரை ஒட்டிய தூரத்தில் ஒலியின் வேகத்துக்கு (நொடிக்குச் சுமார் 340 மீட்டர்) இறங்குகிறது. அந்த எல்லையை ஒட்டி இழுவை மிக அதிகம், குண்டும் சற்றே தள்ளாடும். பக்கவாட்டில் காற்று எவ்வளவு தள்ளும் என்பது பறக்கும் நேரத்தை மட்டும் பொறுத்ததன்று. இழுவையால் குண்டு எவ்வளவு தாமதப்படுகிறதோ அதைப் பொறுத்தது. அதனால்தான் மெதுவான .22 குண்டைவிட வேகமான .22 குண்டைக் காற்று அதிகமாக ஒதுக்குகிறது. கேட்க முரணாக இருக்கும், திடலில் சுட்டுப் பார்த்தால் தெரியும். ஒலிவேகத்துக்குக் கீழேயே புறப்படும் 320 முதல் 330 மீட்டர் வகைதான் இலக்குச் சுடுதலுக்கு ஏற்றது. பெரும்பாலான 10/22-கள் அதில் சரியாகவே சுழலும்.

நான்கைந்து வகைத் தோட்டா வாங்கி, 50 மீட்டரில் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். மூன்று குண்டுகள் ஒட்டி விழுந்ததைப் படமெடுத்து மகிழ்வது ஏமாற்றம் தரும், மூன்று எப்போது வேண்டுமானாலும் தற்செயலாக ஒட்டலாம். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது குழலில் படிந்த பழைய மெழுகுப் பூச்சு மாற வேண்டும். முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அடுத்தது டிரிக்கர். ஆலையில் வரும் டிரிக்கரை இழுக்க ஏறத்தாழ 2.7 கிலோ விசை தேவை. ரைஃபிளின் எடையே 2.3 கிலோதான். தன் எடையைவிட அதிக விசையோடு விரல் இழுத்தால் குறி நகராமல் என்ன செய்யும்? ருகரே விற்கும் பி.எக்ஸ். டிரிக்கர் இதை 1.25 கிலோ அளவுக்குக் குறைக்கிறது. இரண்டு குறுக்கு ஊசிகளை எடுத்தால் பழைய தொகுதி கையோடு வந்துவிடும். உள்ளே இருக்கும் கொக்கியை அரம் போட்டுத் தேய்க்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். பிடிப்பு குறைந்தால் ஒரே இழுப்பில் இரண்டு குண்டு பாயலாம். ஆபத்து ஒருபுறம், பல நாடுகளில் அது சட்டப்படி தானியங்கித் துப்பாக்கியாகிவிடும். புதுத் தொகுதி மாட்டியதும் காலி ரைஃபிளில் சுத்தியலை மடக்கி, போல்ட்டைப் பலமுறை வேகமாக விட்டுப் பாருங்கள். ஸ்டாக்கின் (தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டை) அடியை உள்ளங்கையால் தட்டுங்கள். சுத்தியல் ஒரு முறை தானாக விழுந்தாலும் அதைத் திடலுக்குக் கொண்டுபோகக் கூடாது.

குழல் மூன்றாவது. ஆலைக்குழலின் அறை எல்லா வகைத் தோட்டாவையும் விழுங்கச் சற்றுத் தளர்வாகவே கடையப்படுகிறது. போட்டிக்கான அறை மிக இறுக்கம், குண்டு குழலின் உட்சுவரில் வெட்டிய சுழல் வரிகளைத் தொட்டபடி அமரும். துல்லியம் கூடும், ஆனால் சிறு அழுக்கு சேர்ந்தாலும் தோட்டா முழுதாக உள்ளே போகாது. இரண்டுக்கும் நடுவே அரைத் தானியங்கிக்கென்றே வந்ததுதான் பெண்ட்ஸ் அறை. பெரும்பாலோருக்கு இதுவே சரி. சி.சி.ஐ. ஸ்டிங்கர் போன்ற நீள உறைத் தோட்டாக்களை இறுக்கமான அறையில் போடவே கூடாது. உறையின் வாய் வரிகளுக்குள் நெரிந்து அழுத்தம் ஏறும்.

மாற்றும் முறை இது. மேகசினை எடுத்து, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். ஸ்டாக் திருகைக் கழற்றி, பாதுகாப்புப் பொத்தானை நடுநிலையில் வைத்தால் உள்தொகுதி மேலே வரும். அந்தப் பொத்தான் நடுவில் இல்லாததால்தான் பலர் மரத்தை இழுத்துக் கீறிவிடுகிறார்கள். ‘வி’ கட்டையின் இரு திருகுகளைக் கழற்றி, குழலை உருவி, புதியதைச் செருகுங்கள். எக்ஸ்ட்ராக்டருக்கான (வெற்று உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கி) பள்ளம் நேராக நிற்க வேண்டும். திருகுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரிசீவர் அலுமினியம், வெறியோடு இறுக்கினால் மரை அறுந்துவிடும். 23 மி.மீ. தடிமனுள்ள கனக்குழல் போட்டால் அதன் எடையால் முனை தாழும், ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) சரிக்கட்டு எல்லையே தீர்ந்துபோகலாம். அதற்கு ஸ்டாக்கின் வாய்க்காலை அகலப்படுத்தி, குழலின் அடிப்பகுதியைத் தாங்க வைக்க வேண்டும். ஸ்டாக் திருகு 2 நியூட்டன் மீட்டர் அளவில் நின்றால் போதும். அதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இறுக்குவதுதான் முக்கியம்.

ஸ்கோப்பில் பார்க்க வேண்டியது பெரிதாக்கம் அல்ல. கண் சற்று நகர்ந்தால் குறியும் நகர்வது போலத் தோன்றும் பாரலாக்ஸ் பிழை, ரிம்ஃபயர் ஸ்கோப்புகளில் 50 கெஜத்துக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும், பெரிய ரைஃபிள் ஸ்கோப்புகளில் 100 கெஜத்துக்கு. அமெரிக்காவின் ஆப்பிள்சீட் என்ற ரைஃபிள் பயிற்சி முகாம்களில் 25 மீட்டரில் ஸ்கோப் இல்லாமலும், துளைப்பார்வை, தோள்வார் இரண்டையும் வைத்தே நல்ல சுடுநர்கள் உருவாகிறார்கள். திடீரென்று துல்லியம் கெட்டுவிட்டது என்று தோன்றினால் குழலைச் சந்தேகிக்கும் முன் ஸ்கோப் தாங்கியின் நான்கு திருகுகளைத் தொட்டுப் பாருங்கள்.

போல்ட்டின் பின்னிறுதியில் இடிக்கும் எஃகு ஊசிக்குப் பதில் பாலியூரித்தேன் ஊசி போட்டால் ‘டக்’ என்ற ஓசை அடங்கும், விலையும் சொற்பம். மெலிந்த திருப்பு வில்லை மட்டும் கவனமாக அணுகுங்கள். சாதாரண வேகத் தோட்டா மட்டுமே சுடுபவருக்கு அது உதவும். அதே வில்லோடு அதிவேகத் தோட்டா போட்டால் போல்ட் கூடுதல் வேகத்தில் பின்னால் மோதும்.

உறை அடிக்கடி சிக்கினால் வரிசையாகப் பாருங்கள்: தோட்டாவின் வேகம், அறையில் மெழுகும் கரியும் சேர்ந்த வளையம், எக்ஸ்ட்ராக்டரின் அடியில் அடைந்த கசடு, கடைசியாக எக்ஸ்ட்ராக்டரின் முனை மழுங்கல். கூர்மையான மாற்று எக்ஸ்ட்ராக்டர் ஒன்றே பல பிடிவாதமான ரைஃபிள்களைச் சரிசெய்யும். முந்நூறு, நானூறு சுட்டதும் போல்ட்டின் முகத்தையும் அறையையும் துடையுங்கள். குழலை வாய்ப்பக்கத்திலிருந்து கம்பி விட்டுத் தேய்த்தால் குண்டு கடைசியாகத் தொட்டுப் பிரியும் விளிம்பு தேயும். அறைப் பக்கத்திலிருந்து இழுக்கும் கயிறே நல்லது. வெடிச்சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து கேட்டால் உடனே நிறுத்தி, குண்டு குழலுக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்த குண்டை அதன்மேல் சுட்டால் குழல் உப்பும்.

கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் சுடக் கூடாது. போல்ட் முழுதாக மூடாத நிலையில் வெடித்தால் தாங்கலற்ற பித்தளைச் சுவர் கிழிந்து வாயு முகத்துக்கு வரும். இந்தச் சிறு குண்டு 2 கிலோமீட்டர் வரை பறக்கும், பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் தகர டப்பாவைக்கூடச் சுட வேண்டாம். விளிம்புக் கலவையிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது. சுட்டு முடித்ததும், வாயில் எதையும் போடும் முன், கையையும் முகத்தையும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். திடலுக்குப் போட்ட சட்டையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.