படகுக்குப் பெட்ரோல்: எவ்வளவு வைத்துக்கொள்ளலாம், எதில் வைக்கலாம்?

படகின் பின்பக்கம் வெளியே மாட்டி, மண்ணெண்ணெயில் ஓட்டும் அவுட்போர்டு இன்ஜினுக்கும் பெட்ரோல் வேண்டும். கிளப்புவது பெட்ரோலில், சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரைக்கு வந்து அணைக்கும் முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பினால்தான் மறுநாள் கயிற்றை இழுத்ததும் பிடிக்கும். அதனால் சின்ன ஃபைபர் படகிலும் ஒரு பெட்ரோல் கேன் இருக்கும். டீசல் வரிவிலக்கு, மண்ணெண்ணெய் மானியம் என்று பேசுகிறோமே தவிர, இந்தக் கேனைப் பற்றிப் பேசுவதில்லை. சட்டம் கறாராக இருப்பது இதில்தான்.

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், எந்தச் சூட்டில் ஆவி தீப்பொறி பட்டதும் பற்றும் என்று பார்த்து எரிபொருளைப் பிரிக்கிறது. 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே பற்றுவது 'ஏ' வகுப்பு. பெட்ரோல் இதில் வரும். 23 முதல் 65 டிகிரிக்குள் பற்றுவது 'பி'. டீசலும் மண்ணெண்ணெயும் அதில். நம் கடற்கரையில் 23 டிகிரிக்குக் கீழே போவது மார்கழி விடியலில் பார்த்தால் உண்டு. மற்றபடி வெயிலில் கிடக்கும் பெட்ரோல் கேன் எந்நேரமும் பற்றத் தயார்.

டீசலும் மண்ணெண்ணெயும் ஓரிடத்தில் 2,500 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டக் கூடாது. இயந்திரம் பொருத்திய நாட்டுப்படகுக்கான வரிவிலக்கு டீசலை 4,000 லிட்டரிலிருந்து 4,400 ஆக உயர்த்துவதாகத் தமிழக அரசு 2023-இல் அறிவித்தது. அது ஆண்டு முழுமைக்கும் உரியது, மொத்தமாக வாங்கி அடுக்குவதற்கு இல்லை.

பெட்ரோலுக்கு வருவோம். விற்பதற்கு இல்லாமல் சொந்தத் தேவைக்கு யாரும் 30 லிட்டர் வரை வைத்துக்கொள்ளலாம். வண்டி வைத்திருப்பவருக்கு அந்த வண்டியை ஓட்ட 100 லிட்டர் வரை அனுமதி. இன்ஜினோடு இணைந்த டேங்கில் இருப்பது இதில் சேராது. சட்டத்தின் கணக்கில் நீரில் போகும் கலமும் இந்த 'வண்டி'தான், ஆனால் பதிவும் உரிமமும் முறையாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று படகு இருந்தாலும் மொத்தமே 100 தான். 30-ஐத் தாண்டினால் ஆள் வசிக்கும், வேலை பார்க்கும் அறையோடு ஒட்டாத தனி இடத்தில் வைக்க வேண்டும். வலைக்கூடத்து மூலை ஆகாது.

எதில் வைப்பது? உலோகக் கலன் என்றால் 25 லிட்டர் வரை, கண்ணாடியோ பீங்கானோ என்றால் 1 லிட்டர். இறுக மூடியிருக்க வேண்டும். இதைச் சொல்லும் சட்டப் பிரிவில் பிளாஸ்டிக்கின் பெயரே இல்லை. நம் கரையில் பாதிப் பேரிடம் இருப்பதோ பழைய சமையல் எண்ணெய்க் கேன். மூடி தொலைந்து, பாலித்தீன் தாளைச் சுருட்டி வாயில் திணித்தது. அதை 'இறுக மூடிய' என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். சிந்தியது உலர்ந்தாலும் ஆவி படகின் அடியில் தேங்கிக் கிடக்கும். அடுப்போ பீடியோ போதும். எனவே கழற்றக்கூடிய டேங்க்கைக் கரைக்கு இறக்கி நிரப்புங்கள். பங்க்கிலும் கேனைத் தரையில் வைத்தே பிடிக்க வேண்டும், பைக் சீட்டில் வைத்தல்ல. கழுத்துவரை ஊற்றாமல் கொஞ்சம் இடம் விடுங்கள், வெயிலில் விரியும். கடலில் ஊற்ற நேர்ந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு ஊற்றி, சிந்தியதைத் துடைத்து, அடியில் காற்றோட விட்டு, வாடை போனபிறகு கயிற்றை இழுங்கள்.