தலைமைக்கு எதற்கு ஒரு ‘துவம்’?

பயிற்சி வகுப்பு அழைப்பிதழ், பாடநூல், வேலை விளம்பரம், எதைப் பிரித்தாலும் ‘தலைமைத்துவப் பண்புகள்’. லீடர்ஷிப் என்பதற்குத் தலைமை என்ற சொல் கைவசம் இருக்க, அதற்கு எதற்கு இன்னொரு வால்?

சொல்லின் பிறப்பு எளிது. ‘லீட்’ என்ற ஆங்கில வினைக்கு அடிப்பொருள் அழைத்துச் செல்வது, வழிகாட்டுவது. தமிழோ உடம்பின் உச்சியிலிருந்து தொடங்கியது: தலை, தலைவர், தலைமை.

தலைமையில் உள்ள ‘மை’ பண்புப்பெயர் விகுதி; பெருமை, இளமை, பொறுமையில் இருப்பது அதுவே. ‘துவம்’ அதே வேலையைச் செய்யும் வடமொழி விகுதி. சமத்துவம், மகத்துவம் போன்ற வடசொற்களோடு வந்தது. ஒரு வேலைக்கு இரண்டு விகுதி. இளமைத்துவம், பொறுமைத்துவம் என்று யாராவது எழுதுகிறோமா? ‘மருத்துவம் இருக்கிறதே’ என்று மடக்கப் பார்ப்பார்கள். அது மருந்து, மருத்துவர் வழி வந்த சொல். அந்த வடமொழித் துவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. தனித்துவத்தைக் காட்டினால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். தமிழ்ச்சொல்லில் வடவிகுதி ஒட்டியதுதான், ஆனால் ‘தனி’யில் ஏற்கெனவே ஒரு ‘மை’ இல்லை. (தனித்தன்மை இருக்கும்போது அதுவும் தேவையில்லை என்பது வேறு வழக்கு.)

தூய்மைவாதம் என்று ஒதுக்குவோருக்கு: தெளிவும்தான் கெடுகிறது. ஆங்கிலச் சொல் பதவி, குணம், செயல், தலைவர்கள் கூட்டம் என நான்கையும் குறிக்கும். ‘நிறுவனத்தின் தலைமைத்துவத்தில் மாற்றம் வேண்டும்’ என்றால் ஆளை மாற்றுவதா, அவர் நடத்தும் முறையை மாற்றுவதா? மொழிபெயர்ப்பவர் முதலில் எந்தப் பொருள் என்று பார்க்கட்டும். ‘ஏற்றார்’, ‘விலகினார்’ பொருந்தினால் தலைமை அல்லது தலைமைப் பொறுப்பு. ஒருவரிடம் ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று சொல்ல முடிந்தால் தலைமைப் பண்பு. செய்வதாக இருந்தால் வழிநடத்துதல். கூட்டத்தைக் குறித்தால் தலைவர்கள் என்றே எழுதிவிடலாம். நான்குக்கும் ஒரே சொல்லைப் போடுவது சோம்பல், வேறொன்றுமில்லை.

இதே நோய்தான் ‘தொலைநோக்குப் பார்வை’. நோக்கு என்றாலே பார்வை. நல்ல தலைவருக்கு அது வேண்டும் என்று பட்டியலின் முதல் வரியிலேயே எழுதுகிறார்கள், அந்த வரியே சரியாகப் பார்க்கப்படாமல்!

பட்டியல்தான் வேண்டுமென்றால் குறளின் இறைமாட்சி அதிகாரத்தில் இருக்கிறது. 382-இல் அஞ்சாமை, ஈகை, அறிவு, ஊக்கம். 383-இல் தூங்காமை, கல்வி, துணிவுடைமை. இந்தத் தூங்காமை கண் விழித்துக் கிடப்பதல்ல, செயலில் தாமதிக்காமை. பரிமேலழகர் விரைவுடைமை என்கிறார். இன்றைய கையேடுகள் ‘துரித முடிவெடுக்கும் தலைமைத்துவத் திறன்’ என்று ஒரு வரி முழுக்க நீட்டுவதும் கிட்டத்தட்ட இதைத்தான். ‘எதிர்மறைப் பின்னூட்டங்களை உள்வாங்கும் தலைமைத்துவ ஆற்றல்’ என்று இன்னொன்று வரும். காது கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்வது என்று பொருள். 389-ஆம் குறளில் அது ‘செவிகைப்பச் சொற்பொறுக்கும் பண்புடை வேந்தன்’. பண்பு என்ற சொல்லும் அங்கேயே இருக்கிறது, துவம் ஒட்டாமல்.