கள்ளக்கடல்: சொல்லும் பொருளும்

கரையில் காற்று இல்லை, மழை இல்லை, வானத்தில் கருமேகமும் இல்லை; ஆனாலும் கடல் வழக்கமான எல்லையைத் தாண்டி ஊருக்குள் கேறி வருகிறது. பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய புயற்காற்று எழுப்பிவிட்ட நீண்ட அலைகள் வந்து சேர்வதால் நேரும் இந்நிகழ்வுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர்களும் கேரளக் கரையோர மக்களும் வழங்கும் பெயர் கள்ளக்கடல். இது அலையின் பெயரா, வெள்ளத்தின் பெயரா என்று கேட்டால் இரண்டுக்கும் உரிய பெயர் என்றே சொல்ல வேண்டும். அலை வந்து சேர்வதும் அதனால் நீர் ஊருக்குள் புகுவதும் மீனவர் வழக்கில் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன.

கள் என்னும் வினையடிக்குத் திருடுதல் என்பது பொருள். கள்வன், களவு, கள்ளம், கள்ளன் ஆகிய அனைத்தும் அதன் வழி வந்தவை. 'கள்ளத்தால் கள்வேம்' என்று குறளிலேயே (282) இந்த வினையும் பெயரும் சேர்ந்து நிற்கின்றன. கள்ளம் என்பதோடு கடல் சேரும்போது மகர ஒற்று கெட்டு, ககர ஒற்று மிகுந்து, கள்ளக்கடல் ஆகிறது. தமிழ்ப் புணர்ச்சி இலக்கணத்துக்கு முற்றிலும் இயைந்த வடிவம் இது. கள்ளநோட்டு, கள்ளச்சாவி போன்ற சொற்களில் 'கள்ள' என்பது போலியானது என்று பொருள்படும். கள்ளக்கடல் அந்த வரிசையைச் சேர்ந்தது அன்று. கள்ளன் ஆள் அறியாமல் வருவதுபோல முன்னறிகுறி காட்டாமல் வரும் கடல் என்பதே இங்குப் பொருள். மலையாளத்திலும் கள்ளன், கள்ளம் என்ற சொற்கள் வழங்குவதால், நாளிதழ்கள் சில இதனை மலையாளச் சொல்லாகக் கருதி மேற்கோள் குறிக்குள் இட்டு அச்சிடுகின்றன. வேரும் ஆக்கமும் இரு மொழிக்கும் பொதுவானவை என்பதால் அந்தக் குறி தேவையற்றது.

கரையில் பிறந்த சொல் அறிவியல் ஏடுகளுக்குள் நுழைவது அரிது, இச்சொல் நுழைந்திருக்கிறது. 2012-இல் யுனெஸ்கோ இதனை அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் 2020 முதல் இதற்கென்றே தனி முன்னறிவிப்பு முறையை நடத்தி வருகிறது. 'கள்ளக்கடல் எச்சரிக்கை' என்ற தொடர் அரசு அறிக்கைகளில் இடம்பெறுவது அதன் பின்னர் வந்த வழக்கமே.

பெயரில் உள்ள கள்ளம் எங்கிருந்து வருகிறது என்பதை அலையின் இயல்பைக் கொண்டு விளக்கலாம். தெற்கு இந்தியப் பெருங்கடலில், அண்டார்க்டிக்காவை நோக்கிய குளிர்ந்த பகுதிகளில், வலுவான காற்று நாள்கணக்கில் ஒரே திசையில் வீசும்போது எழும் அலைகள் புயலை விட்டுப் பிரிந்து தனியே பயணப்படுகின்றன. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையிலான நேரம் எவ்வளவு நீளமோ, அவ்வளவு விரைவு அந்த அலைக்கு. 18 நொடி இடைவெளி உள்ள அலைகளின் ஆற்றல் ஆழ்கடலில் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஆறாயிரம் கிலோமீட்டரைக் கடக்க ஐந்து நாள் ஆகும். ஆழ்கடலில் இவற்றின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என்பதால், படகில் இருப்பவருக்குக் கடல் மெல்ல ஏறி இறங்குவதாக மட்டுமே தோன்றும். நீரோடியிலிருந்து கன்னியாகுமரி வரை நம் கரை தென்மேற்கு நோக்கி இருக்கிறது. அதற்கும் அந்தத் தென்கடலுக்கும் இடையே பெருநிலம் எதுவும் இல்லை. அலை வந்து சேரும் நாளில் அதை எழுப்பிய புயல் ஓய்ந்தே போயிருக்கலாம். வங்கக் கடலில் உருவாகும் புயலுக்குப் பெயர் உண்டு, துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டும் ஏறும். தென்கோடியில் வீசிய அந்தக் காற்றுக்கு இங்கே பெயரும் இல்லை, கூண்டும் இல்லை.

கடலிலேயே கடந்து செல்லும் புயல் கரைக்குத் தீங்கு செய்யாது என்ற எண்ணம் உலகெங்கும் உண்டு. அட்லாண்டிக்கில் வலுவான வெப்பமண்டலப் புயலை ஹரிக்கேன் என்பார்கள். (நம் பாட்டிமார் வைத்திருந்த அரிக்கேன் விளக்கு, காற்றிலும் அணையாது என்பதற்காக அந்தப் பெயரைப் பெற்றது, விளக்கு வந்த அளவுக்குச் சொல்லின் பொருள் நம்மிடம் வரவில்லை.) 2009 ஆகஸ்டில் 'பில்' என்ற ஹரிக்கேன் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் கடலிலேயே கடந்து சென்றது. அது எழுப்பிய அலையைப் பாறைமேல் நின்று வேடிக்கை பார்த்தவர்களைக் கடல் இழுத்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். நம் மாவட்டம் அறிந்த ஒக்கி வேறு வகை. 2017 நவம்பர் 30 அன்று அது குமரிக்குத் தெற்கே கடலில்தான் கடந்தது. ஆயினும் காற்றும் மழையும் கரையை நேரடியாகத் தாக்கி, ரப்பரும் வாழையும் சாய்ந்தன, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த தூத்தூர் வட்டாரத்து மீனவர் பலர் திரும்பவில்லை. அதைக் கள்ளக்கடல் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஒக்கி தன்னை மறைத்துக்கொண்டு வரவில்லை.

இச்சொல்லோடு குழப்பிக்கொள்ளப்படும் வேறு சொற்களும் உண்டு. ஆழிப்பேரலை கடலடி நிலநடுக்கத்தால் வருவது. 2004 டிசம்பர் 26-இல் குளச்சலும் மணக்குடியும் கண்டது அதுவே. கள்ளக்கடலைச் 'சிறு சுனாமி' என்று எழுதுவது காரணத்தையே மாற்றிவிடும். புயல் அலை என்பது அருகில் வரும் புயலின் காற்றும் குறைந்த காற்றழுத்தமும் நீரைக் கரையோரம் குவிப்பதைக் குறிக்கும். ஓதம் என்பது நிலவின் ஈர்ப்பால் நிகழும் ஏற்றவற்றம். குழித்துறை வாவுபலியை அறிந்த நம்மவர்க்கு வாவு என்ற சொல் புதிதன்று. உவா என்னும் பழஞ்சொல்லின் உறவான அது அமாவாசையையும் பௌர்ணமியையும் குறிக்கும். வாவு நாள்களின் உயர்ந்த ஏற்றமும் கள்ளக்கடலும் ஒன்றாக அமையும்போதுதான் ஊருக்குள் நீர் மிகுதியாகப் புகுகிறது.

செய்திகளில் இதற்கு ஈடாக அடிக்கடி இடம்பெறும் சொல் 'கடல் சீற்றம்'. என் கருத்தில் அது பொருத்தமற்றது, ஓரளவு ஆபத்தானதும்கூட. சீற்றம் என்றதும் இரைச்சலும் நுரையும் காற்றும் மனத்தில் எழுகின்றன. கரைக்கு வந்த பயணி வெயிலையும் நீலக் கடலையும் பார்த்துவிட்டு, 'சீற்றம் எங்கே?' என்று தண்ணீரில் இறங்குகிறார். 'உயர் அலை' என்பதும் பாதி உண்மையே. எச்சரிக்கையில் ஒன்றரை மீட்டர் என்ற அளவைப் படிப்பவருக்கு அது பெரிதாகத் தோன்றாது. ஆனால் உயரம் ஒன்றாக இருந்தாலும் ஏழு நொடி அலையைவிடப் பதினெட்டு நொடி அலை மிகுந்த நீரைச் சுமந்து வருகிறது. ஆழம் குறையக் குறைய எழும்புகிறது. மணலில் நெடுந்தூரம் ஏறி, திரும்பும்போது காலடி மண்ணையும் சேர்த்து இழுக்கிறது. இவை கூட்டம் கூட்டமாகவும் வரும். சில நிமிடம் சிறிய அலைகளாகவே இருக்கும், பாறையின் மேற்புறம் காய்ந்துகூடக் கிடக்கும்; பிறகு பெரியவை மூன்று நான்கு தொடர்ந்து வந்து அதே பாறையை மூழ்கடிக்கும். 2024 மே 6 அன்று, எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதே, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் இறந்தனர். எச்சரிக்கை வந்திருந்தது, அதன் பொருள் வெளியூரிலிருந்து வருபவர்க்குப் புரியும் வகையில் கரையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கள்ளக்கடல் என்று எழுதி, அதன் கீழே 'கடல் அமைதியாகத் தோன்றினாலும் இறங்காதீர்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

பருவமழைக்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களில் இது மிகுதி. அவையே பள்ளி விடுமுறை மாதங்களும். எச்சரிக்கை வந்தால் வள்ளங்களை வழக்கமான இடத்தில் விடாமல் மேட்டுக்கு இழுத்துவிட வேண்டும். தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் போன்ற துறைமுகங்களில் படகுகளை ஒன்றோடொன்று மோதாதபடி இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும். ஆற்றுமுகத்துவாரத்தில் அலை உடையும்போது நுழைய முயல்வதைவிட, வெளியே ஆழத்தில் காத்திருப்பது பாதுகாப்பானது. கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவின் கற்கள்மேல் நின்று தூண்டில் போடுவதும் படம் எடுப்பதும் அன்றைக்கு வேண்டாம். கடலோர வரிசை வீடுகளில் அரிசி, ஆவணங்கள், வலை ஆகியவற்றைப் பரணில் ஏற்றிவிட்டு, முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றம் உச்சத்தை அடையும் முன்பே உறவினர் வீட்டுக்கு அனுப்புவது நல்லது.

எப்போது முடிந்தது என்று அறியவும் வழி உண்டு. விரைவு மிகுந்த நீண்ட அலைகள் முதலில் வந்து சேரும், குறுகியவை பின்தங்கி வரும். ஆகவே முன்னறிவிப்பில் தரப்படும் நொடிக்கணக்கு 20, 18, 15 என்று குறைந்துகொண்டே போகும். கையில் கடிகாரம் இருந்தால் கரையிலிருந்தே ஓரளவு கணிக்கலாம்: நிமிடத்துக்கு மூன்று நான்கு அலை என்பது கள்ளக்கடலின் கணக்கு, எட்டு ஒன்பது என்பது உள்ளூர்க் காற்று எழுப்பும் அலையின் கணக்கு. உயரம் குறைந்துவிட்டதாகத் தோன்றும் முதல் மணி நேரத்திலேயே வள்ளத்தை இறக்காமல், எச்சரிக்கை முறைப்படி விலக்கப்படும்வரை பொறுத்திருக்க வேண்டும். அடுத்த அலைக்கூட்டம் வந்து சேரவும் அடுத்த ஏற்றம் தொடங்கவும் இன்னும் நேரம் இருக்கலாம்.